ரெக்கோட் சீவுளி, அம்புக்குறி உளி, யப்பான் வாள்: உப்புக்காற்றில் எதைச் சேர்ப்பது, எப்படிக் காப்பது?

உப்புவெளியான் கேட்டது:

வணக்கம். கைக்கருவிகள் சேர்க்கத் தொடங்கியிருக்கிறேன். கண்ணாடி அலுமாரிக்கு அல்ல, வேலை செய்ய. இப்போதைக்கு உள்ளவை பழைய இரும்புக் கடையில் நிறைக்கு வாங்கியவை. ரெக்கோட் என்ற கம்பனியின் 05ஆம் இலக்கச் சீவுளி ஒன்று: நீலப் பூச்சு பாதி போய்விட்டது, அடித்தட்டு முழுக்கக் கறள், பின்கைபிடி வெடித்து ஆடுகிறது, அதைப் பிடிக்கும் நீளப் போல்ட் இல்லை. உளி நான்கு: இரண்டில் ஷெபீல்ட் என்ற எழுத்து மங்கலாகத் தெரிகிறது, ஒன்றில் அகன்ற அம்புக்குறி. மரப்பிடி வாள் ஒன்று: பிடியிலுள்ள பித்தளைப் பொத்தானில் கழுகும் "வொரன்டட் சுப்பீரியர்" என்ற எழுத்தும்.

இவை மினக்கெடத் தகுந்தவையா? கறளை எதனால் எடுத்தால் முத்திரையும் உருக்கும் கெடாது? வீடு திருகோணமலையில், கடலுக்குக் கிட்ட. துடைத்து எண்ணெய் பூசினாலும் ஒரு கிழமையில் திரும்பச் செம்மை தட்டுகிறதே, ஏன்? அடுத்து யப்பான் இழுவாள் ஒன்றும், வெளிநாட்டுச் சீவுளி நல்லதாக ஒன்றும் எடுக்க எண்ணம். இங்கே கிடைக்கிற மரம் பெரும்பாலும் பழைய வீட்டுக் கதவு நிலைகளில் வரும் முதிரையும் பாலையும். பொருந்துமா?

மூலைமட்டம் எழுதியது:

தம்பி, சீவுளியைக் கறளோடேயே சோதியுங்கோ. மினுக்கி முடித்த பிறகு வெடிப்பைக் கண்டால் அத்தனை உழைப்பும் வீண். அலகு, அதை அழுத்திப் பிடிக்கும் மூடி, ஃபுரொக் என்கிற அலகுத் தாங்கி, கைபிடிகள் எல்லாம் கழற்றி வெறும் உடலை நூலில் தொங்கவிட்டுத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டுங்கோ. கணீரென்று நீண்டு ஒலித்தால் நல்லது. தொப்பென்று அடங்கினால் எங்கோ வெடிப்பு. வார்ப்பிரும்பு வெடிக்கிற இடங்கள் மூன்று: அலகு வெளியே வரும் வாயின் இரண்டு மூலைகள், பக்கச்சுவரின் மேல்விளிம்பு, பின்கைபிடிப் போல்ட் இறங்கும் துளை. சந்தேகமான இடத்தில் மண்ணெண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, நன்றாகத் துடைத்துவிட்டு வெண்கட்டித் தூளைப் பூசினால் வெடிப்புக்குள் போன எண்ணெய் ஊறிக் கறுத்த கோடாகத் தெரியும். வாயில் வெடிப்பு இருந்தால் ஒட்டவைக்கப் போகவேண்டாம். வேறொரு ரெக்கோட்டுக்கு உதிரிப்பாகம் எடுக்க வைத்துக்கொள்ளுங்கோ.

அலகைத் திருப்பி முதுகுப் பக்கத்தைப் பாருங்கோ. சீவும் பக்கம் எவ்வளவு கேவலமாக இருந்தாலும் தீட்டினால் போகும். முதுகில், விளிம்பிலிருந்து முதல் பத்து மில்லிமீற்றருக்குள் கறள் குழி இருந்தால் தீட்டத் தீட்ட அந்தக் குழி விளிம்புக்கு வந்து, சீவல் முழுக்கக் கோடு கோடாக விழும். உளிகளுக்கும் இதே கணக்குத்தான். பெயரைப் பார்த்து உளி வாங்குகிறவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில். பேரில்லாத உளியின் முதுகு வழவழப்பாக இருந்தால் அது, குழி விழுந்த ஷெபீல்டை விட மேல்.

இனிக் கறள். எண்ணெய் பூசியும் திரும்ப வருவதற்குக் காரணம் நீங்கள் உப்பின் மேல் எண்ணெய் பூசுவதுதான். கடலுப்பில் சோடியம் குளோரைட்டோடு மக்னீசியம் குளோரைட்டும் உண்டு. காற்றின் சாரீரப்பதன் 33 வீதத்தைத் தாண்டினாலே அது ஈரத்தை இழுக்கத் தொடங்கிவிடும். திருகோணமலையில் அதற்குக் கீழே இறங்குகிற நாள் எங்கே இருக்கிறது? ஆகவே கறள் எடுக்க முன்னரும் எடுத்த பின்னரும் உப்பைக் கழுவவேண்டும். கொதிக்கவைத்துச் சற்று ஆறிய குழாய்த் தண்ணீர், சவர்க்காரம், பழைய பல்துலக்கி. கரையோரக் கிணற்றுத் தண்ணீர் கூடாது, அதில் கழுவுவது கழுவாமல் விடுவதை விட மோசம். சூடான தண்ணீரில் கழுவினால் இரும்பும் சூடாகி ஈரம் தானாகக் காயும். காய்ந்த சூட்டோடு எண்ணெய்.

சீவுளி உடலுக்கு மின்பகுப்பைத்தான் சொல்வேன். பிளாஸ்ரிக் வாளியில் 4 லீற்றர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா. 12 வோல்ட் பற்றரி சார்ஜரின் மறைமுனை (கறுப்பு) சீவுளிக்கு, நேர்முனை (சிவப்பு) பலிகொடுக்கிற இரும்புக்கு. மாறிக் கொடுத்தால் சீவுளிதான் கரையும். பலி இரும்புக்குச் சாதாரண முறுக்குக் கம்பித் துண்டு போதும். துருப்பிடிக்காத எஃகு போடவே வேண்டாம், அதிலிருந்து நஞ்சான குரோமியம் தண்ணீரில் இறங்கும். நாகம் பூசிய கம்பியும் வேண்டாம். சீவுளியும் பலி இரும்பும் ஒன்றையொன்று தொடக்கூடாது. 1 முதல் 3 அம்பியர் ஓடினால் ஓரிரவில் கறள் கறுத்த சேறாகக் கழன்றுவிடும். கம்பியை நேரே பார்க்கும் பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் பாதி நேரத்தில் திருப்பி வையுங்கோ. ஐதரசன் வாயு கிளம்பும், ஆகவே விறாந்தையில் செய்யுங்கோ, பக்கத்தில் பீடியும் சுருட்டும் வேண்டாம். சார்ஜரை நிறுத்திய பிறகே முனைகளைக் கழற்றுங்கோ. தானியங்கிச் சார்ஜர்கள் எதிரே பற்றரி இல்லை என்று நின்றுவிடும், பழைய வகைதான் வேலைக்கு ஆகும். பித்தளைத் திருகும் மரப்பிடியும் உள்ளே போகக்கூடாது. மிச்சமுள்ள நீலப் பூச்சும் சில இடங்களில் உரியும் என்பதை ஏற்றுக்கொண்டுதான் இறங்கவேண்டும்.

அலகு, உளி, வாள் மூன்றையும் இந்த வாளிக்குள் போடாதீங்கோ. கடினமாக்கிய உருக்கு ஐதரசனை உறிஞ்சினால் எளிதில் முறியும். வினாகிரியிலும் அதே ஆபத்து உண்டு. மண்ணெண்ணெயில் ஊறவிட்டு, சவர அலகைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டி, பிறகு 320ஆம் இலக்க வோட்டர் பேப்பர் என்கிற தேய்ப்புத்தாளை மட்டமான கட்டையில் சுற்றி எண்ணெயோடு தேயுங்கோ. விரலால் அழுத்தித் தேய்த்தால் முத்திரைக் குழிக்குள்ளும் தாள் இறங்கி எழுத்தின் விளிம்பு மழுங்கும். கட்டை அதைத் தடுக்கும். கிறைண்டரில் கம்பித் தூரிகை மாட்டி வேலையைச் சுருக்க நினைக்கிறவர்கள் முத்திரையையும் இழப்பார்கள், சில வேளை பதத்தையும். அலகு நீலம் பாய்ந்தால் சூடு 300 பாகையைத் தொட்டிருக்கும், அந்த இடம் இனி கூர் தாங்காது.

கிண்ணியா ஓடாவி எழுதியது:

மூலைமட்டம் நானா சொன்ன கறள் விசயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. முதிரை பற்றி நான் சொல்றன்.

முதிரையின் நார் ஒரு விரல்கடைக்கு ஒருக்காத் திசை மாறும். அந்த அலையடிக்கிற மினுக்கத்துக்குக் காரணமும் அதுதான், சீவும்போது பிய்ச்சுக்கிட்டு வாறதுக்குக் காரணமும் அதுதான். உங்கட ரெக்கோட்டில அலகு 45 பாகையில நிக்குது. அதோட முதிரையில போனா ஒரு பக்கம் கண்ணாடி, மறுபக்கம் பிய்ந்த பனையோலை. செய்யவேண்டியது ரெண்டு. அலகோட சேர்த்துத் திருகியிருக்கிற மூடித்தகட்டை அலகு விளிம்பிலிருந்து 0.2 – 0.3 மில்லிமீற்றருக்குக் கிட்டக் கொண்டுவாங்க. மூடித்தகட்டின் நுனி அலகில ஒளி தெரியாம ஒட்டிப் பொருந்தணும், இல்லாட்டி சீவல் நடுவில புகுந்து அடைக்கும். அதுக்கும் பிய்ந்தா, அலகின் முதுகுப்பக்கமா 10 பாகையில மயிரளவு இரண்டாம் சரிவு தீட்டுங்க. 45உம் 10உம் சேர்ந்து 55 பாகையாகும். தள்ள பாரமா இருக்கும், அடித்தட்டில மெழுகுதிரியைக் கோடு போட்டாப் போதும். ஆனா இதை வேற அலகு ஒண்டில செய்ங்க. இரண்டாம் சரிவு போட்ட அலகு தேக்குக்கு ஒத்துவராது.

வெளிநாட்டுச் சீவுளி எடுக்கிற எண்டா, கனடாவின் வெரிடாஸ், அமெரிக்காவின் லீ-நீல்சன் ரெண்டிலயும் சரிவு மேல்பக்கமா வைக்கிற வகை இருக்கு. அலகுப் படுகை 12 பாகை. அலகை 25 பாகையில தீட்டினா 37, 38இல தீட்டினா 50, 50இல தீட்டினா 62. ஒரே உடலுக்கு மூணு அலகு எண்டா மூணு சீவுளி. முதிரைக்கு இதை விட நல்ல முதலீடு இல்லை. ஸ்டான்லி, ரெக்கோட் வகை பழசுகளை அஞ்சாறு குவிக்கிறதை விட இது ஒண்டு.

யப்பான் வாள் எண்டா கொஞ்சம் பொறுங்க. ரியோபா எண்ட இருபக்க வாளின் தகடு அரை மில்லிமீற்றர் அளவுதான். பல் நீளமாக் கூராக இருக்கும். அது பெரும்பாலும் சீடார், பைன் மாதிரி மெது மரத்துக்கு வெட்டின பல்லு. பாலை எண்ட மரம் தண்ணியில போட்டா அமிழும், அதில இந்தப் பல்லு வரிசையாப் பறக்கும். மாத்து அலகு வாள்களின் பல்லு நுனி மட்டும் மின்னதிர்வில கடினமாக்கினது, நீலமாத் தெரியும். அதில அரம் ஏறாது, பல்லுப் போனா அலகை மாத்த வேண்டியதுதான். வாங்குறதா இருந்தா வன்மரத்துக்கு எண்டு விக்கிற சின்னப்பல் டொசுக்கி எண்ட யப்பான் முதுகுவாள் ஒண்டை வாங்கிப் பொருத்து வேலைக்கு மட்டும் வைங்க. முதுகுத் தகடு இருக்கிறதால வளையாது.

இன்னொரு விசயம். பழைய நிலை மரத்தில தலை அறுந்த ஆணி உள்ளுக்க இருக்கும். சீவ முன்னம் பலமான காந்தத்தை நூலில கட்டி மரத்து மேல இழுத்துப் பாருங்க, ஆணி இருக்கிற இடத்தில நூல் சாயும். முதிரைத் தூள் சிலருக்குத் தோலில சொறி கிளப்பும், முழங்கை வரை மூடிக்கிங்க.

சாணைக்கல் எழுதியது:

கிண்ணியா நண்பர் யப்பான் வாளை இவ்வளவு ஒதுக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பல் பறப்பது பெரும்பாலும் இழுவையின் தொடக்கத்தில் அழுத்துவதால். மேற்கத்திய வாளில் பழகிய கை தன்னையறியாமல் அழுத்தும். ஆனால் பாலைக்கு அது வேண்டாம் என்பதில் உடன்படுகிறேன்.

உப்புவெளியானின் வாளுக்கு வருவோம். "வொரன்டட் சுப்பீரியர்" என்பது உற்பத்தியாளர் பெயர் அல்ல. பல தொழிற்சாலைகள் இரண்டாந்தர வாள்களிலும் கடைகளின் பெயருக்குச் செய்துகொடுத்த வாள்களிலும் அந்தப் பொதுப் பொத்தானை மாட்டின. தகட்டில் அமிலத்தால் பொறித்த எழுத்து மிஞ்சியிருக்கலாம், ஆகவே நடுப்பகுதியைக் கட்டை வைத்து மெதுவாகத் தேயுங்கள். வாளின் நுனியை வளைத்து விடுங்கள், நேராகத் திரும்பினால் தகடு உயிரோடிருக்கிறது. ஓரிடத்தில் மடிப்பு நின்றால் விட்டுவிடுங்கள். முதிரையைக் குறுக்கே அறுக்க அங்குலத்துக்கு 8 முதல் 10 பல் போதும். 8 பல்லுக்கு 6 அங்குல மெல்லிய முக்கோண அரம். பல்லை இருபக்கமும் சாய்ப்பதை மிகக் குறைவாக வையுங்கள், வன்மரம் வாளை இறுக்காது. டிஸ்ரன் போன்ற பேர்பெற்ற வாள்களில் பொத்தான்தான் பிறப்புச்சாட்சி: "டிஸ்ரன் அன்ட் சன்ஸ்" என்று பன்மையில் இருந்தால் 1871க்குப் பிந்தியது.

அம்புக்குறி பிரித்தானிய அரசுச் சொத்து என்பதற்கான அடையாளம். திருகோணமலைக் கடற்படைத் தளம் 1957 ஒக்ரோபர் வரை அவர்கள் கையில் இருந்தது, சீனன்குடாவில் விமானப்படையும் இருந்தது. அதனால் இங்கே அம்புக்குறிச் சாமான் வருவது புதுமையில்லை. ஆனால் அதே குறியை இந்தியாவிலும் அவுஸ்திரேலியாவிலும் அடித்தார்கள். அம்பு மட்டும் இருந்தால் "டொக்யாட் உளி" என்று விலை கூட்டுகிறவரை நம்பவேண்டாம். அது தரமுத்திரையும் அல்ல. பக்கத்தில் உற்பத்தியாளர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். மூன்றிலைக் குறி மார்பிள்ஸ் என்ற ஷெபீல்ட் நிறுவனத்தினது. சுறாமீன் இருந்தால் சுவீடனின் எஸ்கில்ஸ்துனாவில் செய்த ஈ. ஏ. பேர்க். அதை எந்த விலைக்கும் விடாதீர்கள், 1959இல் பாகோ என்ற இன்னொரு கருவி நிறுவனம் அதை வாங்கிவிட்டது. மீனும் தூண்டிலும் உள்ள குறி சான்ட்விக்கினுடையது, இப்போது பாகோ கருவிகளில் வருவது அதுவே.

ரெக்கோட் சீவுளிகள் 1931இலிருந்துதான் வந்தன, ஆகவே யாராவது "விக்டோரியா காலத்து ரெக்கோட்" என்றால் சிரித்துவிட்டு வாருங்கள். அமெரிக்க ஸ்டான்லி கிடைத்தால் ஃபுரொக்குக்குப் பின்னால் உடலில் வார்த்த எழுத்தைப் பாருங்கள். மூன்று காப்புரிமைத் திகதிகள், கடைசி 1910, என்றிருந்தால் அது 1910 முதல் 1918 வரையிலான வகை, சேகரிப்பவர்களும் வேலைக்காரரும் ஒரேபோல விரும்புவது. மூடியின் திருகுத்துளை சிறுநீரக வடிவில் இருந்தால் 1933க்குப் பின். பழைய ஸ்டான்லிகளின் கைபிடி பிரேசில் றோஸ்வுட். அந்த மரம் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப்பட்டியலில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து தபாலில் எடுப்பதானால் இதை நினைவில் வையுங்கள்.

தீட்டும் கல்லில் நான் ஊரோடு ஒத்துப்போகிறவன். யப்பான் தண்ணீர்க்கல் வேகமானது, 1000, 6000 என்ற மணியளவில் இரண்டு கல் இருந்தால் எதையும் தீட்டலாம், ஆனால் உப்புக்காற்றில் ஒவ்வொரு முறையும் ஈரமான அலகைக் கையாளவேண்டும். எண்ணெய்க்கல்லில் தீட்டினால் தீட்டும்போதே அலகுக்கு எண்ணெய் பூசியாகிறது. யப்பான் உளி வாங்கினால் மட்டும் தண்ணீர்க்கல் கட்டாயம், ஏனெனில் மென்மையான இரும்பின் மேல் மெல்லியதாய் வன்னுருக்கு ஒட்டியிருக்கும், எண்ணெய்க்கல் அதில் வழுக்கும். அதன் முதுகிலுள்ள குழிவைத் தேய்த்து மட்டமாக்கிவிடாதீர்கள். அது பழுதல்ல, அப்படியே அடித்தது. முதிரைக்கு அந்த உளிகளை 35 பாகையில் தீட்டுங்கள், 25இல் தீட்டினால் சில்லுச் சில்லாக உடையும்.

வைக்கும் இடம்: இறுக்க மூடிய பிளாஸ்ரிக் பெட்டியில் ஈரத்தோடு வைத்தால் திறந்த அலுமாரியை விட மோசம். சிலிக்கா ஜெல் போட்டால்தான் மூடுவதில் பொருள் உண்டு. நிறம் மாறியதும் 110 – 120 பாகையில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் திரும்பப் பாவிக்கலாம். தோலுறையில் உளியை விட்டுவைக்காதீர்கள், பதனிட்ட தோலிலுள்ள உப்பும் அமிலமும் கறள் குழி விழுத்தும். பூச்சுக்கு 100 கிராம் தேன்மெழுகு, 300 முதல் 400 மில்லிலீற்றர் திரவப் பரஃபின் (மருந்துக்கடையில் கிடைக்கும்), சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கிக் கலக்கி ஆறவிடுங்கள். நேர் நெருப்பில் வைக்கக்கூடாது. தையல் மெசின் எண்ணெய் தினப் பாவனைக்கு, இந்த மெழுகு வாடைக் காலத்துக்கு.

கொட்டாப்புளி எழுதியது:

உலகத்துக் கருவி சேர்க்கிறீர்கள், சரி. இங்குள்ள கொல்லுப்பட்டறை வாய்ச்சியை ஏன் ஒருவரும் சேர்ப்பதில்லை? லொறி வில் தகட்டில் அடித்தது. ஷெபீல்ட் உளி அளவுக்குக் கூர் நிற்காது, ஏனென்றால் அதில் கரிமம் குறைவு. ஆனால் தோணி மரத்தில் முடிச்சில் பட்டாலும் முறியாது. பிடிக்குச் சவண்டலை போடுங்கள், அதிர்ச்சி தாங்கும். ஆங்கிலத்தில் அந்த மரத்துக்குப் பெயரே திருகோணமலை மரம்.

பிடி போட்டால் கச்சான் காற்றுக் காலத்தில் போடுங்கள். அப்போது மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கியிருக்கும். வாடையில் இறுக்கிய பிடி ஆடி மாதம் கழன்று பறக்கும். யப்பான் உளிப் பிடியின் இரும்பு வளையம் கழலுவதும் அதே காரணத்தால். வளையத்தைக் கீழே இறக்கி, மரத்தின் தலையை ஒரு மில்லிமீற்றர் மேலே விட்டுச் சுத்தியலால் நார் விரிய அடிக்கவேண்டும்.

உப்புவெளியான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. தட்டிப் பார்த்ததில் உடல் கணீரென்கிறது, வெண்கட்டியிலும் கோடு இல்லை. கைபிடிப் போல்ட்டுக்கு ஹாட்வெயாரில் எம்6 கம்பி இருக்கிறது. அதைப் போட்டால் சரிவருமா? வெடித்த பிடியை ஒட்டலாமா, புதிதாகச் செய்யவேண்டுமா?

மூலைமட்டம் எழுதியது:

எம்6 வேண்டாம். அந்தத் துளை சுமார் 7/32 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. எம்6 அதை விடப் பருமன், புரியும் நெருக்கம். வலிந்து திருகினால் இரண்டு சுற்றில் வார்ப்பிரும்புப் புரி உதிரும், பிறகு அந்த உடலைக் காப்பாற்ற வழியில்லை. உதிரிப்பாகச் சீவுளி ஒன்றிலிருந்து கழற்றுங்கோ, இல்லையேல் லேத்காரரிடம் உடலையே கொண்டுபோய்க் காட்டி அந்தப் புரியில் கம்பி வெட்டுவியுங்கோ.

பிடியின் வெடிப்பு நாரோடு ஓடிச் சுத்தமாக இருந்தால் தின்னரால் துடைத்து எபொக்சி வைத்து இறுக்கிக் கட்டி ஒரு நாள் விடுங்கோ. துண்டு காணாமல் போயிருந்தால் புதிது. 05இல் பின்பிடியின் முன்பாதத்தில் இரண்டாவது சின்னத் திருகு ஒன்று உண்டு, 4ஆம் இலக்கத்தில் அது இல்லை. அது இல்லாவிட்டால் தள்ளும்போது பிடி பக்கவாட்டில் திருகி அடியில் வெடிக்கும். உங்கள் பிடி வெடித்ததும் அநேகமாக அதனால்தான், ஆகவே அந்தத் திருகையும் சேர்த்துத் தேடுங்கோ. எல்லாம் பூட்டிய பிறகும் பிடி ஆடினால், மரம் சுருங்கி, பித்தளை நட் மரத்தில் உட்கார முன்னமே கம்பியின் நுனியில் முட்டுகிறது என்று பொருள். கம்பியின் நுனியில் 2 மில்லிமீற்றர் அராவிவிடுங்கோ.